சன்னாசி வாத்தியாரின் இடது கன்னம்

தூக்குவாளியின் கழுத்துவரை தண்ணீரை ஊற்றி, தரையில் விரித்த பழைய நாளிதழின் மேல் வைத்துவிட்டு, சன்னாசி அதன் எதிரே குந்துகிறார். சுற்றிலும் பன்னிரண்டு பிள்ளைகள். காலைப் பெரட்டில், வேலைக்கு வந்தவர்களை நிறுத்தி, கங்காணியான மண்டோர் ஒரு வரிசைப் பெயர்களைக் கூப்பிட்டு முடிக்கிற நேரம் போகிறது. தூக்கை எடுத்து ஓரமாக வைக்கிறார். அது இருந்த இடத்துத் தாளை மட்டும் கிழித்து, இடது கன்னத்தில் அப்பிக்கொண்டு கண்ணை மூடுகிறார். தாளை எடுக்கும்போது பிள்ளைகள் தாளைப் பார்ப்பதில்லை, அவர் கன்னத்தைத்தான் பார்க்கிறார்கள். கன்னத்தில் அச்செழுத்து திருப்பிப் போட்டதுபோல் ஒட்டியிருக்கிறது.

"ஒழுகுது," என்கிறார். அவ்வளவுதான். தூக்குக்குச் சொந்தக்காரப் பையன் தலையைச் சொறிந்துகொண்டு கரியடுப்புக்குத் திரும்புகிறான்.

விரலால் தொட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். இரண்டு கைகளையும் என் முன் நீட்டினார். விரல் நுனிகள் மழுங்கி, பளபளத்து, பழைய நாணயங்கள்போல இருந்தன. "கையில உசுரு இல்ல சார். இருவது வருசமா ஈயம் தின்னுடுச்சு. சுடுதா, குளுருதா, ஈரமா, ஒன்னும் தெரியாது. கன்னம்தான் எனக்கு வெரலு."

பகாவ் ஊரிலிருந்து ஒன்பதாவது மைலில் இருக்கும் ஒன்பதாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் அவர் தகரக்காரர். பால்மரம் வெட்டுகிறவர்கள் பால் சுமக்கும் வாளிகளை ஒட்டிக் கொடுப்பது அவர் வேலை. ஸ்டோருக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு, ஒரு துருத்தி, ஒரு மரக்கட்டை, தகரம் வெட்டும் கத்தரி. அவர் நடக்கும்போது நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பாதையில் காய்ந்து கிடக்கும் வெள்ளைச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே போவார். இரண்டடிக்கு ஒரு சொட்டு என்றால் ஆணி ஓட்டை, சொட்டு நீண்டு கோடாகியிருந்தால் தையல் விட்டுப்போயிருக்கிறது. சொட்டுகள் எந்த வீட்டு வாசலில் முடிகின்றனவோ அந்த வாசலில் நின்று, "தங்கச்சி, வாளியக் கொண்டா," என்பார். வாளி ஒழுகுவது அந்த வீட்டுக்காரிக்கே அப்போதுதான் தெரியும்.

இந்த மனிதரைத்தான் சென்ற ஆண்டு, ஐம்பத்து நான்கு தொடக்கத்தில், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தொழிற்பாட ஆசிரியராக நியமித்தார்கள். வாரத்தில் மூன்று நாள், ஆறாம் வகுப்புக்கு, பகல் உணவுக்கு முந்தின இரண்டு பாடவேளை. மாநிலத்தில் மூன்று தோட்டப் பள்ளிகளில் ஒரே சமயத்தில் தொடங்கிய சோதனைத் திட்டம் அது. ஒன்றில் தச்சு. வாள் வந்தது, உளி வந்தது, பலகை வரவில்லை. இன்னொன்றில் கோழி வளர்ப்பு. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாதென்று போட்ட அவசரகாலச் சட்டத்தில் நெல்லும் நொய்யும் தோட்டத்துக் கம்பிவேலிக்குள் அளந்துதான் வரும் என்பதால், கோழித் தீனிக்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதம் திரும்புவதற்குள் கோழிகள் இல்லை. எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. மிஞ்சியது சன்னாசியின் தகர வகுப்பு.

அதற்கும் தகடு வரவில்லை. "தகடு வந்துகொண்டிருக்கிறது" என்ற கடிதம் மட்டும் மூன்று முறை வந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பால் டின்னும் மீன் டின்னும் பிஸ்கட் டின்னும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டை. டின்னில் அடைத்த எதையும் ஓட்டை போடாமல் விற்கக் கூடாது, முழு டின் காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போய்விடும் என்பது சட்டம். ஆகவே கடைக்காரர் விற்கும்போதே குத்திவிடுவார். சன்னாசி ஓட்டையைப் பார்த்தே கடையைச் சொல்வார். "இது பகாவ் முக்குக்கடை, சப்பை உளி. இது மலாய்க் கம்பத்துக் கடை, ரெண்டு ஆணி, ஆளு கோவக்காரன்."

எங்கள் கல்வி அலுவலகத்தின் பாடத்திட்டத்தில் ஓட்டை அடைப்பது பத்தொன்பதாவது பாடம், இரண்டாம் ஆண்டில். சன்னாசிக்கு அது முதல் நாள் முதல் பாடம். ஓட்டை இல்லாத தகரம் இந்தத் தோட்டத்தில் எங்கே இருக்கிறது?

நான் இதில் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் கோலா கிளாவாங் பக்கத்துக் கிராமத்தான். அப்பா சாலைக்குத் தார் ஊற்றினார். எங்கள் வீட்டில் முதலில் கையெழுத்துப் போட்டவன் நான், முதலில் பட்டம் வாங்கியவனும் நான். சிங்கப்பூரிலிருந்து பி.ஏ.வோடு திரும்பி, செரம்பானில் கல்வி அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி கிடைத்ததும் எனக்குக் கொடுத்த முதல் வேலை, தொழிற்பாடத்துக்கு மதிப்பெண் படிவம் தயாரிப்பது. ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்தேன். ஐந்து பத்திகள். அளவின் நேர்த்தி, கருவி கையாளுதல், சுத்தம், வேகம், ஒத்துழைப்பு. ஒவ்வொன்றுக்கும் இருபது. அதைத் தட்டச்சில் பார்த்தபோது எனக்கு என் பட்டத்தைப் பார்த்த மாதிரியே இருந்தது.

முதல் தவணை முடிந்து ஒன்பதாங்கட்டைப் பள்ளியிலிருந்து படிவம் வந்தது. ஏழு பிள்ளைகளுக்கு ஐந்து பத்தியிலும் சுழியம். ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து பத்தியிலும் இருபது. என் மேலதிகாரி சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு என் மேசையில் வைத்தார். "நீயே போய்ப் பார்த்துவிட்டு வா."

கோலா பிலா வழியாக பஸ், பகாவிலிருந்து தோட்டத்து லாரி. வேலி வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சந்தியாகு என் பையைத் திறந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டதைவிடத் தலைக்கு அதிகம் போட்டிருந்தார். பகாவில் வாங்கிய சோற்றுப் பொட்டலம் அகப்பட்டது.

"சோறு கொண்டு போகக் கூடாது சார்."

"உள்ளேதானே கொண்டு போகிறேன்?"

"உள்ளயோ வெளியவோ, ரோட்டுல சோறு நடக்கக் கூடாது, அதான் சட்டம்." சுற்றும் பார்த்துவிட்டு ஒரு மணல்மூட்டையைத் தட்டிக் காட்டினார். "இங்க குந்தி சாப்டுடுங்க லா. வயித்துக்குள்ள போயிட்டா சட்டம் கேக்காது."

சாப்பிட்டேன். பி.ஏ. படித்தவன் மணல்மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிடுவதை லயத்துப் பெண்கள் இருவர் நின்று பார்த்தார்கள். அதில் ஒருத்தி மாரியம்மா. பிறகு தெரிந்தது, அவள் மகள் செல்லம்மா சன்னாசியின் வகுப்பில் இருக்கும் ஒரே பெண்பிள்ளை. தையல் சொல்லிக் கொடுக்க ஆள் வராததால் அவளையும் தகரத்தில் உட்கார்த்திவிட்டார்கள்.

"புதுக் கிராணியா?" என்றாள் மாரியம்மா, தோட்டத்துக்கு வந்த எழுத்தர் என்று நினைத்து.

"இல்லை. கல்வி இலாகா. பி.ஏ."

"அப்ப பெரிய கிராணி," என்று பக்கத்திலிருந்தவளிடம் விளக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "சார், நல்ல நேரத்துல வந்தீங்க. எம்மவ பேனா புடிக்கட்டும்னு பள்ளிக்கோடம் அனுப்புனா, சன்னாசியண்ணன் கத்திரி புடிக்கச் சொல்றாரு. தகரம் தட்டறதுக்குப் பள்ளிக்கோடம் எதுக்கு? அதான் லயத்துலயே நாள் முழுக்க தட்டறாங்களே."

அவள் கேள்விக்கு என் படிவத்தில் பத்தி இல்லை.

தலைமையாசிரியர் திருநாவுக்கரசு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர். சன்னாசிக்கு எழுதத் தெரியாது, ஆகவே சன்னாசி சொல்ல இவர் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. "நான் என்ன செய்வேன்?" என்று கையை விரித்தார். "ஒவ்வொரு பத்தியாக வாசித்துக் காட்டுகிறேன். சன்னாசி அவர்களே, இந்தப் பையனின் சுத்தம் எப்படி என்று கேட்கிறேன். ஒழுகுது என்கிறார். வேகம் என்கிறேன். ஒழுகுது என்கிறார். ஒத்துழைப்புக்கும் அதே பதில்."

சன்னாசி சுவரோரம் நின்றார். பள்ளிக்கூடத்துக்குள் அவர் எப்போதும் பக்கவாசல் வழியாகத்தான் வருவார், செருப்பை வெளியே விட்டுவிட்டு. நாற்காலி கொடுத்தால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

நான் பொறுமையாக விளக்கினேன். எல்லாரும் ஒரேமாதிரி இருக்க மாட்டார்கள். ஒருவன் பாதி நன்றாகச் செய்திருப்பான், இன்னொருவன் முக்கால். அதற்காகத்தான் மதிப்பெண். இந்தப் பையனுக்கு ஒரு நாற்பத்திரண்டு போடலாம் இல்லையா?

அவர் நிஜமாகவே யோசித்தார். "நாப்பத்திரெண்டுன்னா தண்ணி நிக்குமா சார்?"

"தண்ணீர் நிற்காது. ஆனால் முயற்சி இருக்கிறது."

"முயற்சி இருக்குன்னு பால ஊத்திக்கிட்டு நடக்க முடியாதே சார். பாதி ஒழுகுற வாளின்னு ஒன்னு நான் பாத்ததில்ல. ஒழுகுனா ஒழுகுதுதான்." பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டவராக, "நீங்க வேணும்னா போட்டுக்கங்க. எங்கிட்ட கேக்காதீங்க," என்றார்.

அன்று மாலை செரம்பான் திரும்புவதற்கு முன் அலுவலகம் முன்பே எடுத்திருந்த முடிவைச் சொல்லிவிட்டு வந்தேன். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளூரில் போடும் மதிப்பெண்ணை இனி ஏற்க முடியாது. ஆண்டு முடிவில் பிள்ளைகள் செய்த பொருள்களைச் செரம்பானுக்கு அனுப்ப வேண்டும். வெளியாள் ஒருவர் பார்ப்பார். அவர் திருப்தி அடையாவிட்டால் தகர வகுப்பும் மற்ற இரண்டின் வழியில் போகும்.

"அப்ப நான் மறுபடி சாய்ப்புக்கே போயிடணும்," என்றார் சன்னாசி. கேள்வியாகக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பையன் வெளியிலிருந்து, "வாத்தியாரே, துருத்தி கிழிஞ்சிருச்சு," என்று கத்தினான். சன்னாசி சட்டென்று திரும்பி திருநாவுக்கரசைப் பார்த்தார். கூப்பிட்டது தலைமையாசிரியரை என்று நினைத்தாராம். ஐந்து மாதமாக ஒவ்வொரு முறையும் இப்படித்தான் திரும்பிப் பார்ப்பதாகத் தலைமையாசிரியர் என்னிடம் பிறகு சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகு நான் மாதம் ஒரு முறையாவது அந்தப் பக்கம் போக ஒரு காரணம் கண்டுபிடித்தேன். போனபோதெல்லாம் புதிதாக ஏதாவது கோளாறு இருந்தது. ஒரு மாதம், ஸ்டோரில் உடைந்து கிடந்த அறுபது பால் வாளிகளை மானேஜர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார், பிள்ளைகளுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று. சன்னாசி அவற்றைத் திருப்பி அனுப்பினார். தோட்டத்துச் சம்பளத்தில் இருக்கிறவர் மானேஜர் அனுப்பியதைத் திருப்பியது அந்த ஆண்டு லயத்தில் பெரிய பேச்சு. "அது என் வேல. நான் பொழுதுசாய செஞ்சு குடுத்துடறேன். பிள்ளைங்க இங்க படிக்க வருதுங்க," என்று கிராணியிடம் சொன்னாராம். அறுபதையும் அவரே ஒட்டினார், ஒரு வாரம் பிடித்தது.

இன்னொரு முறை மாரியம்மா வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒழுகும் வாளி.

"வாத்தியாரே, வாத்தியாரேன்னு ஊரே கூப்புடுது. என் வாளி மூணு நாளா அழுவுது."

"உள்ள குடு தங்கச்சி. உம்மவ பாப்பா."

"எம்மவளா? அவ கையில குடுத்தா இருக்கறதும் போயிடும். நீ பாருண்ணே."

சன்னாசி வாளியை வாங்கி அப்படியே செல்லம்மாவிடம் கொடுத்தார். செல்லம்மா அடியைத் திருப்பி, அரம் போட்டுச் சுரண்டி, நவச்சாரத்தில் தேய்த்த, ஈயம் உருக்கும் செம்புக்கோலை வைத்தாள். நாக்கின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதல் தடவை ஈயம் உருண்டு ஓடிவிட்டது. மாரியம்மா, "நான் சொன்னேன்ல," என்றாள். இரண்டாம் தடவையும் ஓடியது. மாரியம்மா வாசலிலிருந்து உள்ளே ஓர் அடி வைத்தாள். மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. நாளிதழ், தண்ணீர், பெரட்டு நேரம். சன்னாசி கன்னத்தைக் காட்டினார், எழுத்து விழவில்லை. மாரியம்மா வாளியை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். "பேனாவும் புடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேர்வுப் பொருள் என்ன என்று நான்தான் எழுதியிருந்தேன். மூடியுள்ள தூக்கு. மூடி பொருந்துவதில்தான் அளவின் நேர்த்தி தெரியும் என்று விளக்கக் குறிப்பும் எழுதியிருந்தேன். நவம்பரில் ஒரு காலை, ஊரடங்கு நீங்கியதும், பன்னிரண்டு தூக்குகளையும் எடுத்துப்போக லாரியோடு வந்து நின்றேன். பால் டின்களையும் பிஸ்கட் டின்களையும் வெட்டிச் சேர்த்து அந்தப் பிள்ளைகள் செய்திருந்தது, உள்ளே பசுமாட்டுப் படமும் வெளியே பளபளப்புமாக, கண்ணுக்கே குளிர்ச்சி. பன்னிரண்டும் முந்தின நாளே கன்னத்தில் தேறியவை.

வேலி வாசலில் சந்தியாகு ஒன்றை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்குங்க. ஆனா வெளிய போகாது சார்."

"ஏன்?"

"மூடி போட்ட டப்பா. ஓட்டை இல்ல. அஞ்சு ராத்தல் மீன் காட்டுக்குப் போகும் இதுல."

நான் இலாகா கடிதத்தை எடுத்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "இதுல மாதிரிப் பொருள்னு போட்டிருக்கு. டப்பான்னு போடல சார். டப்பான்னா ஓட்டை போட்டுத்தான் விடணும். என் வேல போயிடும் லா."

நான் கடிதத்தை மடித்தேன். செரம்பானில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கப் போகிற பொருள், ஓட்டை இல்லாமல் செரம்பானுக்குப் போக முடியாது. மூடியுள்ள தூக்கு என்று எழுதிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. திருநாவுக்கரசு சட்டைக் கையை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் லாரியை வழியனுப்ப வந்து வேலியோரம் நின்றன.

சன்னாசி சந்தியாகுவின் பக்கத்தில் போய் அந்தத் தூக்கை வாங்கிக் கவிழ்த்துப் பிடித்தார்.

"குத்து தம்பி."

"அண்ணே, பரீட்சைக்குப் போறது..."

"குத்துன்னா குத்து. ஆனா பன்னெண்டுக்கும் ஒரே ஆணி. அடியில, நடுவுல, ஒரே அடி. ஒன்னுக்குப் பெருசு ஒன்னுக்குச் சின்னதுன்னு குத்தக் கூடாது. பரீட்சைன்னா எல்லாருக்கும் ஒரே கேள்விதானே?"

பிறகு என்னிடம் திரும்பினார். "டப்பா மட்டும் போனா ஆவாது சார். பிள்ளைங்களும் வரட்டும். கரியும் அடுப்பும் கோலும் நான் எடுத்துக்கறேன்."

பன்னிரண்டு அடி விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிள்ளையின் தோள் குலுங்கியது. சந்தியாகு தன் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் செய்திருக்க மாட்டார். எட்டாவதில் ஆணி வழுக்கியபோது நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சாரி தம்பி," என்று அந்தத் தூக்குக்காரப் பையனிடமே சொன்னார். பிறகு பெயர்ப் பட்டியல் எழுதி, தலைகளை எண்ணி, ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மாரியம்மா ஓடிவந்து செல்லம்மாவின் சடையில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டாள். "தகரம் தட்டப் போறதுக்கு ரிப்பன் வேற," என்று அவளே தன்னைக் கிண்டலும் செய்துகொண்டாள்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூடச் செரம்பானைப் பார்த்ததில்லை. புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளில் நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். மீதி எட்டுப் பேர் அதைப் பற்றிப் பாட்டுக் கட்டினார்கள். சன்னாசி லாரியின் தரையில் உட்கார்ந்து, கரிமூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வழி நெடுகத் தார்ச்சாலையையே குனிந்து பார்த்து வந்தார். அங்கே சொட்டு எதுவும் தென்படாதது அவருக்கு ஏமாற்றம் என்று நினைக்கிறேன்.

தேர்வு பார்க்க வந்தவர் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு துரை. கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுப் படிப்பு இலாகாவுக்கு வந்தவர் என்று பேச்சு. முதல் தூக்கை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். அடியில் வெளிச்சம் நட்சத்திரம்போல் தெரிந்தது. இரண்டாவதிலும் நட்சத்திரம். பன்னிரண்டிலும். என்னைப் பார்த்தார்.

சட்டத்தைச் சொன்னேன், வேலியைச் சொன்னேன், ஒரே ஆணியையும் சொன்னேன், ஓட்டையைப் பிள்ளைகள் இங்கேயே அடைப்பார்கள் என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்குப் பின்னால் அங்சானா மரத்தடியைக் காட்டினார்.

இரவு மழையில் கரி நனைந்திருந்தது. பற்ற மறுத்தது. சன்னாசி கொண்டுவந்த நாளிதழ் முழுவதையும் ஒவ்வொரு தாளாக அடுப்புக்குள் செருகி ஊதினார். தட்டச்சுப் பெண்களும் கிராணிகளும் பியூனும் ஜன்னலில் வரிசை கட்டினார்கள். பிறகு அவர் எழுந்து பத்தடி தள்ளிப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பையன் செம்புக்கோலைத் தலைகீழாகப் பிடித்தபோதும், இன்னொருவன் சுரண்டாமலே ஈயத்தை வைக்கப்போய் நினைவு வந்து நிறுத்தியபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. பின்னால் கட்டிய விரல்கள் மட்டும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. துரை அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் விரல் நுனிகளைத் தானே ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

செல்லம்மாதான் கடைசி. அவளுக்கு ஈயம் முதல் தடவை ஓடியது, இரண்டாம் தடவையும் ஓடியது. ஜன்னலில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவள் ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு மூன்றாம் தடவை வைத்தாள்.

துரை பன்னிரண்டையும் வரிசையாக வைக்கச் சொன்னார். "எல்லாவற்றையும் பார்க்க எனக்கு நேரமில்லை. ஒன்றை எடுக்கிறேன். அது தேறினால் அடுத்த ஆண்டும் வகுப்பு நடக்கட்டும். இல்லையென்றால் இதோடு முடித்துக்கொள்ளலாம்." நான் தமிழில் சொன்னேன். சன்னாசி தலையாட்டினார். துரை வரிசையின் ஓரத்துக்கு நடந்து, கடைசித் தூக்கை, இன்னும் சூடு ஆறாததை, எடுத்து நீட்டினார்.

வேறு ஒன்றை எடுக்கலாமே என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. சன்னாசி அதற்குள் அதை வாங்கி, குழாயடியில் கழுத்துவரை தண்ணீர் பிடித்து, அடியைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். சிமெண்டுத் தரையில் வைக்கக் குனிந்தவர் நின்றார். விரிக்கத் தாள் இல்லை. நாளிதழ் சாம்பலாகியிருந்தது. சுற்றும் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நான் என்னவென்று உணர்வதற்குள் என் கையிலிருந்த மதிப்பெண் படிவத்தை உருவி, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு... இல்லை, திருப்பி, எழுத்து மேலே தெரியும்படி தரையில் விரித்து, அதன்மேல் தூக்கை வைத்துவிட்டார்.

ஐந்து பத்திகள். பன்னிரண்டு பெயர்கள். பெயர்களைத் திருநாவுக்கரசு காப்பிப் பென்சிலால் எழுதியிருந்தார். ஒரு துளி ஈரம் பட்டால் ஊதாப் பூவாக விரிகிற பென்சில்.

சன்னாசி குந்தினார். துரையும், கால்சட்டை மடிப்பு கலைய, எதிரே குந்தினார். ஜன்னலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பையன் பழக்கத்தில் மண்டோரின் பெயர் வரிசையை முணுமுணுக்கத் தொடங்க, மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. எனக்குத் தெரிந்த எந்தத் தேர்வு மண்டபத்திலும் அவ்வளவு நீண்ட நேரம் போனதில்லை.

வரிசை முடிந்தது. சன்னாசி தூக்கை நகர்த்தினார். படிவத்தை இரண்டு கையாலும் எடுத்தார்.

"வாத்தியாரே," என்றாள் செல்லம்மா. மெல்லத்தான் கூப்பிட்டாள். ஆனாலும் அவர், "இரும்மா," என்றார். பின்னால் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் ஐந்து பத்திகளையும் இடது கன்னத்தில் அப்பிக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தார். தாளை எடுத்தார். கன்னத்தில் கரித்தூசி இருந்தது, கொஞ்சம் நரைத்த தாடி இருந்தது, ஊதா இல்லை. அந்தக் கன்னத்தைத் துரையின் பக்கம் திருப்புவதற்கு முன், அடுப்போரம் நின்ற செல்லம்மாவின் பக்கம் திருப்பி, அவள் நன்றாகப் பார்க்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.